கோவில்பட்டிப் பொட்டலில் அறுபத்து நாலாம் சானல்

மாசி மாதக் கடைசி ஞாயிறு. கரிசல் காய்ந்து வெடித்துக் கிடக்கும் காலம். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு பொட்டலில் பதினொரு பேர் சங்கமாகச் சேர்ந்து மாதிரி விமானம் விடுகிறார்கள், வெளியூர்க்காரருக்கும் இடம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். விமானத்தைத் தரையிலிருந்து இயக்க என்னிடம் இருப்பது இருபது வருடப் பழைய ரேடியோ. அதை வைத்துப் பறக்கவிட நெல்லைப் பக்கம் எனக்கு இடம் கிடைக்கவில்லை.

நெல்லையில் காலை 5.20க்கு பஸ். 55 கிலோமீட்டர், 48 ரூபாய், 6.40க்குக் கோவில்பட்டி. அங்கிருந்து எட்டயபுரம் சாலையில் 9 கிலோமீட்டர் ஆட்டோ. கேட்டது முந்நூறு, கொடுத்தது இருநூற்றைம்பது. "வெரசா விட்டுட்டு வந்துருங்க அண்ணாச்சி. பத்து மணிக்கு மேல அங்கன காத்து ஆளையே தள்ளிரும்" என்றார் ஆட்டோக்காரர். அவர் சொன்னது சரிதான் என்று பிறகு தெரிந்தது.

சங்கச் செயலாளர் செண்பகம் அக்கா, டவுனில் அச்சகம் வைத்திருக்கிறார். பொட்டல் ஓரத்தில் ஒரு பலகை, அதில் வரிசையாகத் துணிக்கிளிப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு சானல் எண். பழைய ரேடியோக்களில் ஒரே சானலில் இரண்டு பேர் சுவிட்சைப் போட்டால், மேலே இருக்கும் விமானம் இருவர் பேச்சையும் கேட்காமல் விழுந்துவிடும். அதனால் கிளிப்பை எடுத்தவர் மட்டும்தான் சுவிட்சைத் தொடலாம். என் எண் 64. பருத்தி விவசாயி சுப்பையா அண்ணாச்சிக்கும் அதே எண். அவர் நாலு மாதம் உட்கார்ந்து, ஆறடி இறக்கையில் ஒரு விமானம் செய்து கொண்டுவந்திருந்தார்.

அது அன்று ஒரு வருவாய்த்துறை அதிகாரி முன்னால் பறக்க வேண்டும். பொட்டல் அரசுப் புறம்போக்கு. போன வருடம் ஆட்டுக்கூட்டத்தில் ஒரு விமானம் விழுந்து புகார் போனது. எழுத்தில் அனுமதி இல்லையென்றால் மாதக் கடைசியோடு நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா ஏழு மனு எழுதியிருந்தார். அதிகாரியின் சந்தேகம் ஒன்றே ஒன்று: ஒரே சானலில் இருவர் புகுந்தால் எப்படித் தடுப்பீர்கள்? அதைக் காட்டத்தான் அவரை 9.30க்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

நான் 7.30க்குக் கிளிப்பை எடுத்தேன், என் விமானத்தை இருபது நிமிடம் விட்டேன், இறக்கினேன். கயத்தாற்றில் தங்கை வீட்டு விசேஷம் இருந்ததால் 8.15க்கே கிளம்பி பஸ் பிடித்து, கயத்தாற்றில் இறங்கி டீ சொன்னேன்.

"என்ன அண்ணாச்சி, காயப்போட்ட சட்டைய கிளிப்போட எடுத்து மாட்டிட்டியளா?" என்றார் டீக்கடைக்காரர். காலரில் கை வைத்தேன். 64. டீயைக் கீழே வைத்தேன். அதற்குள் போன் அடித்தது.

"தம்பி, அறுபத்தி நாலு உங்க கூட வந்துட்டா?" செண்பகம் அக்கா.

"ஆமாக்கா. ஆனா ரேடியோ பெட்டிக்குள்ள கெடக்கு, பாட்டரியவும் கழட்டிட்டேன். நீங்க தைரியமா விடச் சொல்லுங்க."

"நீங்க சொல்லுதத நம்புதேன். ஆனா கிளிப் இங்கன இல்லயே."

போனில் அக்காவுக்குப் பின்னால் யாரோ, வேறொரு கிளிப்பில் 64 என்று எழுதிவிடலாமே என்றது எனக்கே கேட்டது. "அப்பம் ரெண்டு அறுபத்தி நாலு ஆயிரும்லா வே" என்று அக்கா அவரை அடக்கிவிட்டார்.

தங்கையிடம் சொல்லாமல் 900 ரூபாய்க்குக் கார் பிடித்தேன். 33 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தபோது 10.25. உடைமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். காற்று கிளம்பிவிட்டது. விமானத்தை இரண்டு பேர் அழுத்திப் பிடித்திருந்தார்கள். நான் கிளிப்பைக் கொடுத்ததும் சுப்பையா அண்ணாச்சி ஒரு பிடி மண்ணை அள்ளி மேலே விட்டுப் பார்த்தார்.

"இனி ஏலாது. விட்டா வெறகாத்தான் பொறுக்கணும்."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. எனக்கு அவமானமாக இருந்தது. அதிகாரி எழுந்து, "நீங்கதான் அறுபத்து நாலா?" என்று கேட்டார். தலையாட்டினேன். ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார். தங்கை வீட்டில் பந்தி முடிந்திருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு காலை ஏழுக்குள் போய்விடுங்கள். தண்ணீர் இரண்டு லிட்டர் எடுத்துப் போங்கள், பக்கத்தில் கடை கிடையாது. மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், கரிசல் காலை விடாது. இன்னொன்றும் உண்டு. மூன்று வாரம் கழித்து அக்கா போன் செய்தார்.

"அனுமதி வந்துட்டு தம்பி. கிளிப் இல்லாம ஒரு மணி நேரமா ஒருத்தரும் சுவிட்சத் தொடலன்னு எழுதியிருக்காவ. அத வச்சுத்தான் குடுத்திருக்காவ. நாலு நிபந்தனை. மூணாவது நம்ம கிளிப் ஏற்பாடேதான்."

"நாலாவது?"

"கிளிப்ப வெளியூர் ஆளுக கையில குடுக்கக் கூடாதாம்."

ஆகவே பழைய ரேடியோ வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகவும். பார்ப்பதற்குத் தடையில்லை. வரும் ஞாயிறு சுப்பையா அண்ணாச்சி விமானத்தை ஏற்றுகிறார். நான் கையை வீசிக்கொண்டு போகிறேன்.