கைப்பிடி இல்லாத கதவு

முன்பின் தெரியாதவர் காரில் ஏறும்போது எதைப் பார்ப்பீர்கள்? முகத்தைத்தானே?

ஊசி அக்கா முகத்தைப் பார்க்கமாட்டாள். கார்க் கதவுகளின் உட்புறத்துக்கு ரெக்சின் உறை தைக்கும் பட்டறையில் பதினோரு ஆண்டாக வேலை செய்பவள். உடம்பும் ஊசி, பேச்சும் ஊசி, பெயர் நிலைத்துவிட்டது. ஏறுகிற ஆள் போதவில்லை என்று காலை பஸ்ஸை நிறுத்தினார்கள். நிறுத்தியவர்களில் ஒருவர்கூட பஸ்ஸில் போகிறவர் இல்லை. அன்றிலிருந்து பெண்கள் சாலைத் திருப்பத்தில் கைகாட்டி ஏறித்தான் வேலைக்குப் போனார்கள். மூன்று நாள் தாமதமானால் வேலை போய்விடும். ஊசி அக்காவுக்கு இரண்டு ஆகியிருந்தது.

திருப்பத்தில் காத்து கருப்பு உலவுவதாகவும் பேச்சு. பக்கத்துப் பட்டறையின் சுருட்டைமுடிக்காரி பத்து நாளாக வரவில்லை. பாதிப் பேர் ஓடிப்போய்விட்டாள் என்றார்கள். மீதிப் பேர் காத்து கருப்பு என்றார்கள். தேடியவர் யாருமில்லை.

ஏறுமுன் ஒரு காலை உள்ளே வைத்து, மறு கால் தரையில் இருக்க, உள்கைப்பிடியை இழுத்துப் பார்ப்பது ஊசி அக்காவின் வழக்கம். "என்னக்கா, காரை விலைக்குக் கேக்கப் போறியா?" என்று பட்டறையில் சிரிப்பார்கள்.

அன்று காலை பனிமூட்டம். பத்தடிக்கு மேல் சாலையே இல்லை. சாம்பல் நிறக் கார் ஒன்று ஓசையில்லாமல் வந்து நின்றது.

"ஏறுங்கம்மா. இன்னிக்கும் லேட்டானா பட்டறையில விடமாட்டாங்களே."

நயமான குரல். பட்டறை என்று அவள் சொல்லவேயில்லை.

முன்கதவைத் திறந்தாள். ஒரு காலை வைத்தாள். கை கைப்பிடியைத் தேடியது. அங்கே வழவழப்பான பழுப்பு ரெக்சின்தான் இருந்தது. கண்ணாடி இறக்கும் பிடியும் இல்லை. விளிம்பைத் தடவிய விரல் சட்டென்று நின்றது. இரட்டைத் தையல், மூலையில் மூன்று கூடுதல் குத்து. அப்படி முடிப்பவள் பட்டறையில் ஒருத்திதான். அவளேதான்.

மூன்று வாரத்துக்கு முன் கதவுப் பலகை ஒன்று தனியாக வந்தது. 'ஓட்டைகளை மூடித் தைக்கவும்' என்று சீட்டு. கைப்பிடி எங்கே என்று மேஸ்திரியிடம் கேட்டாள். "உனக்கெதுக்கு? சொன்னதைத் தை." தைத்தாள். அழகாகவே தைத்தாள்.

அவள் தைத்த அந்தப் புது ரெக்சினில் இப்போது நான்கு கோடுகள், நகத்தால் பிறாண்டியவை. அதன் மேலேயே மறுபடியும் நான்கு.

"என்னம்மா பாக்குறீங்க?"

"சாப்பாட்டு டப்பாவை வீட்லயே வெச்சுட்டேன் அண்ணா. நீங்க போங்க."

"பரவால்ல, நான் இருக்கேன்."

காலை எடுத்து, கதவைச் சாத்தி, வந்த வழியே திரும்பி நடந்தாள். கார் பின்னோக்கி உருண்டது, அவள் நடையின் வேகத்திலேயே. பனிக்குள் சிவப்பு விளக்கு இரண்டும் விடாமல் பின்தொடர்ந்தன. போனைக் காதில் வைத்துத் தங்கையிடம், அவனுக்கும் கேட்கும்படி, காரின் பின்பக்க நம்பர் பிளேட்டை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். "எழுதிட்டியா? திருப்பிச் சொல்லு." சிவப்பு விளக்குகள் நின்றன. பிறகு பனிக்குள் கரைந்தன.

பட்டறையை நடந்தே அடைந்தாள். மேஸ்திரி கடிகாரத்தைக் காட்டினார். "மூணாவது. நாளைக்கு வர வேண்டாம்."

"வரல. அந்தச் சீட்டை மட்டும் கொடுங்க."

"எந்தச் சீட்டு?"

கம்பியில் குத்தியிருந்த சீட்டுகளைப் புரட்டி அவளே உருவிக்கொண்டாள். அதில் பலகையைக் கொடுத்தவனின் கைபேசி எண் இருந்தது.

காவல் நிலையத்தில் எழுத்தர் கொட்டாவி விட்டார். "உங்களுக்குத்தான் ஒண்ணும் ஆகலையேம்மா. அந்தத் திருப்பமே சரியில்லன்னு சொல்றாங்க."

"பேய் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்குமா சார்? சீட்டு எழுதித் தைக்கக் கொடுக்குமா? எனக்கு ஒண்ணும் ஆகல. அந்த நகம் யாரோடதுன்னுதான் கேக்குறேன்." சீட்டையும், பக்கத்துப் பட்டறையில் கேட்டு வாங்கிய சுருட்டைமுடிக்காரியின் முகவரியையும் மேசையில் வைத்தாள். எழுத்தர் பேனாவை எடுக்கும்வரை பெஞ்சைவிட்டு எழவில்லை.

ஏறுமுன் ஒரு கால் தரையிலேயே இருக்கட்டும். உங்கள் திருப்பத்தில் சில நாளாகக் கண்ணில் படாத பெண் யாரென்று இன்றே விசாரியுங்கள். அவள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள்.