கம்பிக்குப் பின்னால் பதினேழு பேர்

கும்மிடிப்பூண்டி ஷைனிக்கு வயது பதினேழு. யாரை வேண்டுமானாலும் அச்சு அசலாக வரைவாள். ஆனால் அவர்களை முதலில் கட்டம் கட்டமாக வெட்டியாக வேண்டும். போட்டோவின் மேல் ஸ்கேல் வைத்துச் சின்னக் கட்டங்கள், தாளில் பெரிய கட்டங்கள், அப்புறம் ஒவ்வொரு கட்டமாக நகல். யூடியூபில் கற்ற வித்தை.

சென்னை ஓவியக் கல்லூரியின் நுழைவுத் தேர்வு அந்த வித்தைக்கு வேட்டு வைத்தது. போட்டோ கிடையாது, போன் கிடையாது. எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார், ஒரு மணி நேரத்தில் அவரை வரைய வேண்டும். தேர்வுக்கு எட்டே நாள். தவறினால் சிப்காட் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை. அப்பா ஜெயராஜ் ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டார்.

அந்த அப்பாவையே நாற்காலியில் உட்காரவைத்து வரைந்தாள். இரும்பு மில்லில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர், படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"மில்லுல எனக்கு எதுனா ஆக்சிடென்ட் ஆயி, என்கிட்ட மட்டும் சொல்லாம கீறாங்களா?"

கட்டம் இல்லாமல் கை ஓடவில்லை. சமையலறை ஜன்னல் கம்பி சதுரம் சதுரமாக இருப்பதை அப்போதுதான் கவனித்தாள். அப்பாவை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினாள்.

"ரெண்டாவது வரிச, மூணாவது கட்டத்துல மூக்கு இருக்கணும். ஆடாதப்பா."

"கொசு கடிக்குது ஷைனி."

"எந்தக் கட்டத்துல?"

படம் பிரமாதமாக வந்தது. கம்பியையும் சேர்த்தே வரைந்தாள், அதுதானே அளவு. பிறகு கம்பி இருக்கும் இடமெல்லாம் தேடிப் போனாள். கம்பி வலை போட்ட பெட்டிக்கடைக்குள் வெங்கடேசன், கம்பெனி கேட்டுக்குப் பின்னால் செக்யூரிட்டி, ஊர்க்காரர்கள் அவரவர் வீட்டு ஜன்னலில். ஐந்து நாளில் பதினேழு பேர்.

அதே வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு கம்பெனியில் காப்பர் ஒயர் சுருள் காணாமல் போய், போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தது. சனிக்கிழமை ஷைனி பிஸ்கட் வாங்க வந்தபோது வெங்கடேசன் அவள் வரையும் நோட்டை வாங்கிப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் தெரிந்த முகங்கள், எல்லாம் கம்பிக்குள். பதினோராவது அவரே. அன்று பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது: ஜெயராஜ் பொண்ணு ஸ்டேஷனுக்கு ஆளுங்களை வரைந்து கொடுக்கிறது.

ஞாயிறு காலை ஷைனி சர்ச்சிலிருந்து திரும்பினால் வாசலில் கூட்டம். கம்பிக்குள் இருந்தவர்களுக்குக் கோபம். இல்லாதவர்களுக்கு அதைவிடக் கஷ்டம்.

"என்ன மட்டும் வுட்டுட்டா, போட்டுக் குடுத்தவன் நான்தான்னு நெனப்பானுங்க," என்றார் எலக்ட்ரீஷியன் அந்தோணி. "என்னையும் உள்ள போடும்மா."

கிரேன் ஓட்டும் தேசப்பன் அவரைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். "நான் அன்னிக்கு ஊர்லயே இல்ல. ஆரணில மச்சான் ஊட்டுக் காதுகுத்து. பந்தியில குந்திக்கினு இருந்தேன். நூறு பேரு சாட்சி!"

கத்தும்போது அவருடைய இடது புருவம் மட்டும் மேலே ஏறியது. பந்தி என்றதும் இறங்கியது. இவரை ஜன்னலுக்குப் பின்னால் அனுப்பினால் அந்தப் புருவம் போய்விடும் என்று ஷைனிக்குத் தோன்றியது. நின்றபடியே நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள்.

"பிரியாணி சாப்ட்டு எங்க போனீங்க மாமா?"

"பாரு, ஸ்டேட்மென்ட் எடுக்குது!" என்றது கூட்டம்.

தேசப்பன் இன்னும் வேகமாகச் சொன்னார். புருவம், வாய், காற்றில் பறந்த இரண்டு கை, எல்லாம் தாளில் இறங்கின. முடித்த பிறகுதான் பார்த்தாள். கட்டமே போடவில்லை.

தேசப்பன் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். "கம்பி இல்ல! என்ன வுட்டாச்சு!"

அவ்வளவுதான். உள்ளே இருந்த பதினேழு பேரும், அவர்களுக்குப் பின்னால் இல்லாதவர்களும் வரிசையில் நின்றார்கள், ஜாமீனுக்கு நிற்பதுபோல. வெங்கடேசன் கடையை மூடிவிட்டே வந்தார். "உண்மைய மொத்தமா சொல்லிட்டா கம்பி போட மாட்டியே?" ஒவ்வொருவரும் வியாழக்கிழமை எங்கே இருந்தோம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, சாயங்காலத்துக்குள் ஷைனி முப்பத்திரண்டு பேரை விடுதலை செய்தாள். கடைசி ஆள் அப்பா.

செவ்வாய்க்கிழமை தேர்வு. எதிரே உட்கார்ந்தவர் ஆதார் கார்டுக்கு உட்கார்ந்தமாதிரி இருந்தார், கண்கூட அசையவில்லை. இருபது நிமிடம் வரைந்தாள். தாளில் ஒரு முகம் இருந்தது, ஆள் இல்லை. இப்படியே போனால் பேக்கிங் வேலைதான்.

பேப்பரைத் திருப்பிப் போட்டாள். மேற்பார்வையாளர் பின்வரிசைக்குப் போகும்வரை பொறுத்து, மெல்லக் குனிந்தாள்.

"அண்ணே, போன வியாழக்கிழம சாயந்தரம் எங்க இருந்தீங்க?"

அவருடைய கழுத்து லேசாகத் திரும்பியது. உதடு பிரிந்தது. "நானா? எதுக்குக் கேக்குற?"

பென்சில் ஓட ஆரம்பித்தது.

ஷைனிக்கு இடம் கிடைத்தது. ஒயர் இன்னும் கிடைக்கவில்லை. வெங்கடேசன் மட்டும் கம்பி இல்லாத தன் படத்தை லேமினேட் செய்து, கடையின் கம்பி வலையில் கட்டியிருக்கிறார், போலீஸ் ஜீப் வரும் பக்கம் பார்த்து.