அனுமதி கேட்ட கோமாளி

போத்தனூரிலிருந்து காந்திபுரம் போகும் டவுன் பஸ்ஸில் ஒருநாள் புவனாவின் டிக்கெட் ஜன்னல் காற்றில் பறந்துவிட்டது. அடுத்த நிறுத்தத்திலேயே செக்கிங் இன்ஸ்பெக்டர் திருமூர்த்தி ஏறினார். அவர் ஏறினாலே பஸ்ஸில் பேச்சு நின்றுவிடும். டிக்கெட் வைத்திருப்பவர்கள்கூடத் திருட்டு முழி முழிப்பார்கள். புவனா மருதமலை முருகனை நினைத்துக்கொண்டு வெறுங்கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். குனிந்து சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கசங்கிய துண்டை எடுத்தார்.

"அம்மணி, இதுதானுங்களே உங்க டிக்கெட்டு? பத்திரமா வெச்சுக்கோணுமுங்க."

சிரிக்காமல் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். இறங்கிய பிறகு பார்த்தால் அது முந்தின நாள் டிக்கெட். இன்ஸ்பெக்டருக்குத் தேதி படிக்கத் தெரியாமலா இருக்கும்?

பத்து வருடம் கழித்து அதே மனிதர் சிவப்பு மூக்கு வைத்துக்கொண்டு, புவனா ஆயாவாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்குள் வந்தார். ரிட்டயர் ஆனவர்கள் வாக்கிங் போவார்கள், கோயில் கமிட்டியில் சேருவார்கள். இவர், நோயாளிப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கச் சனிக்கிழமைதோறும் வரும் கோமாளிக் குழுவில் சேர்ந்திருந்தார்.

"ஏனுங்க சார், உங்களுக்கு எதுக்குங்க இந்த வேசம்?" என்று புவனா கேட்டே விட்டாள்.

"முப்பது வருசம் நான் ஏறுன பஸ்ஸுல எல்லாம் பேச்சு நின்னு போச்சுங்க அம்மணி. ஊட்டுக்குள்ள போனாலும் டிவியை அமத்திப்போடுவாங்க. ஒரு எடத்துலயாச்சும் நான் போனதுக்கப்பறம் சத்தம் வரோணுமுங்க. அவ்வளவுதானுங்க."

குழுவை நடத்திய ஆதர்ஷ், சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிகளில் பெரியவர்களுக்குத் தொலைந்துபோன வியப்பை மீட்டுத்தரும் வகுப்பு எடுப்பவர். வியப்பைப் பற்றி ஐம்பது ஸ்லைடு வைத்திருந்தார். அவர் எதையாவது பார்த்து வியந்து புவனா கண்டதில்லை.

"யோசிக்காதீங்க சார். அந்த நேரத்துல மனசுல என்ன வருதோ அதைச் செய்யுங்க" என்பார் ஆதர்ஷ்.

திருமூர்த்தியின் மனசில் வந்ததெல்லாம் மரியாதை ஒன்றுதான். தடுக்கி விழ வேண்டிய இடத்தில் விழாமல் நின்று, "ஏனுங்க, உழுகட்டுங்களா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு விழுகிற கோமாளியைப் பார்த்து எந்தப் பிள்ளை சிரிக்கும்? முதல் இரண்டு சனிக்கிழமையும் வார்டு ஊமையாகக் கிடந்தது. மூன்றாவது சனிக்கிழமை ஆதர்ஷ் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"சார், இன்னிக்கும் யாரும் சிரிக்கலேன்னா நீங்க குழுவோட பையை மட்டும் தூக்குனாப் போதும்."

திருமூர்த்தி மூக்கைச் சரி செய்துகொண்டு முதல் கட்டிலுக்குப் போனார். காலில் மாவுக்கட்டோடு ஏழு வயது மௌனிகா படுத்திருந்தாள். அன்று காலையில்தான் நான்கு பேர் அமுக்கிப் பிடித்து அவளுக்கு ஊசி போட்டிருந்தார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் ஒரு காலைத் தூக்கினார். "கண்ணு, உழுகட்டுங்களா?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வேண்டாங்க."

ஆதர்ஷ் தலையில் அடித்துக்கொண்டார். வேறொரு கோமாளியாக இருந்தால் விழுந்து தொலைத்திருப்பான். திருமூர்த்திக்கு உத்தரவு இல்லையென்றால் இல்லைதான். "ஆகட்டுங்க" என்று தூக்கிய காலை இறக்காமல் தத்தித் தத்தி அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"தம்பி வம்சி, நீங்களாச்சும் உழுக உடுங்க சாமி."

"முடியாதுங்க!"

மூன்றாவது கட்டிலில் கேட்பதற்கு முன்பே, "உழுகாதீங்க!" என்று ஒரு கூச்சல். திருமூர்த்தியின் முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. அது நடிப்பில்லை. புவனாவுக்கு மனசு கேட்கவில்லை. தரை துடைத்த மாப்பைச் சாத்திவிட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சார் பாவம், உக்காரட்டுங்களா கண்ணுகளா?"

"வேண்டா! வேண்டா!"

வார்டே அதிர்ந்தது. மௌனிகாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. என்ன சத்தம் என்று அதட்ட வந்த நர்ஸிடம் வம்சி கேட்டான்: "திட்டறதுக்கு உத்தரவு வாங்குனீங்களா?" அந்த அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திருமூர்த்தி ஒற்றைக்காலில் நின்றபடி, பஸ் என்ற ஒன்றையே அதுவரை பார்த்திராதவர் முதல் பஸ்ஸைப் பார்ப்பது போல, அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்நிதியில் திரை விலகினால் கை தானாகக் குவியுமே, புவனாவின் கைகள் அப்படித்தான் குவிந்தன. ஆதர்ஷ் ஐம்பத்தோராவது ஸ்லைடைச் சேர்த்துக்கொண்டார்.

பிறகு இரண்டு வருடம், திருமூர்த்தி சனிக்கிழமை தவறாமல் வந்தார். கட்டில்களில் பிள்ளைகள் மாறினார்கள். வீட்டுக்குப் போகிறவர்கள், வருகிறவர்களுக்கு அவரை விழ விடக் கூடாது என்ற விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் முழங்கால்தான் கைவிட்டது. மகன் ஓசூருக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தான்.

கிளம்பும் முன்பு, மூக்கில்லாமல், வெள்ளைச் சட்டையில் விடைபெற வந்தார். புவனா அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். அவர் வாசலில் கால் வைத்ததுமே வார்டு, "வேண்டாங்க! வேண்டாங்க!" என்று கூரையைப் பிய்த்தது. இரண்டு முறை வாயைத் திறந்தார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. புவனாவின் காதுப் பக்கம் குனிந்தார்.

"சொல்லிக்கிட்டுப் போலாம்னு வந்தனுங்க அம்மணி. ஒரு நிமிசம் பேச்சை நிறுத்தச் சொல்லுங்க. என்னால நிறுத்த முடியலீங்க."