ஆயில் கலக்காத ஜப்பான் வண்டி

தோழிகளே, இன்று அப்பாவின் இன்ஜின் ஆயில் கடையில் நானும் வாயைத் திறந்துவிட்டேன்.

மாரண்டஹள்ளி பள்ளியில் எனக்குக் கணக்கு எடுத்த சார், புது ஜப்பான் வண்டியில் வந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"பெட்ரோல்ல கலக்க ஆயில் குடும்மா."

"இதுக்கு வேணாங்க சார்" என்றேன், மெதுவாக.

"ஏன், ஜப்பான் வண்டிதான?"

"மொதல்ல வந்த ஜப்பான் வண்டிக்கு நாமளே கலக்கணுங்க. அடுத்து வந்ததுல ஆயிலுக்குத் தனி டேங்க்கு, அதுவே கலந்துக்கும். இது ஃபோர் ஸ்ட்ரோக்குங்க, ஆயில் இன்ஜினுக்குள்ளயே தனியா இருக்கும். கலந்தா பொகைதான் வரும்."

சார் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"பரவால்லியே. எத்தனாவது படிக்கிற?"

எட்டாவதோடு நின்றுவிட்டதைச் சொல்லாமல், "லீவுங்க சார்" என்றேன்.

மூன்று வருடமாக லீவுதான். சார் அடுத்த முறை வந்து, பள்ளி எப்போது திறக்கும் என்று கேட்டால் என்ன சொல்வது? யாராவது பதில் எழுதுங்கள்.