'நீ' என்று எழுதக் கூடாது

முதல்லயே மன்னிப்புக் கேட்டுக்கறேன். எனக்குக் கோர்வையா எழுத வராது. அஞ்சாங் கிளாசோட நின்னவ. இப்ப மறதி வேற. போன வாரம் எழுதினதையே இந்த வாரமும் எழுதியிருந்தா, புதுசாப் படிக்கிற மாதிரி படிச்சிடுங்க.

நம்ம சபைப் பெண்கள் ப்ளாகுக்காக நான் நோட்டுல எதையாவது கிறுக்குவேன். மருமகள் ஷீபா அதை டைப் பண்ணி சனிக்கிழமை சனிக்கிழமை போடுவா. எதிரே ஆள் இருந்தா எனக்குப் பேச்சு வராது. ஆராதனை முடிஞ்சு பாஸ்டரம்மா "நல்லா இருக்கீங்களா?"ன்னு கேட்டாலே புடவைத் தலைப்பைத் திருகிட்டு நிப்பேன். நோட்டுப் புத்தகம் திருப்பிக் கேள்வி கேக்காது பாருங்க... அந்தத் தைரியத்துல எழுதறேன்.

ஆனா ப்ளாக் திருப்பிக் கேக்கும். கீழே கமென்ட்னு ஒண்ணு இருக்கே!

ஒரு மாசத்துக்கு முன்னால, பெஞ்சுல ஹேண்ட்பேக் வச்சு இடம் பிடிக்கிறதைப் பத்தி எழுதினேன். தமிழ் ஆராதனை ஏழரைக்கு. ஏழு மணிக்கே பேகுங்க வரிசையா உக்காந்திருக்கு. 'ஆண்டவர் ஆளைத் தேடி வர்றாரா, பேகைத் தேடி வர்றாரா?'ன்னு கேட்டு முடிச்சிருந்தேன். பிரமாதமா எழுதிட்டதா நினைப்பு.

அன்னைக்கு சாயந்திரமே கமென்ட்ல சண்டை.

"நீ முதல்ல டைமுக்கு வந்து பழகு."

"நீ யாரு அதைச் சொல்ல?"

"உன் பேக் என்ன நடந்தா வருது? நீதானே வைக்கிறே?"

ஒருத்தங்க மாமியார் வரைக்கும் போயிட்டாங்க. எல்லாரும் யாரு? ஞாயித்துக்கிழமை கை குலுக்கி "ஸ்தோத்திரம் சிஸ்டர்" சொல்றவங்கதான்.

பாஸ்டரம்மா கூப்பிட்டாங்க. "ஞானம் ஆன்ட்டி, கமென்ட்டை மரியாதையா எழுதறதுக்கு நாலு ரூல் போட்டுக் கொடுங்க. நீங்கதான் சாது. நீங்க சொன்னா கேப்பாங்க."

நானா! வாயே திறக்காதவ ஊர் வாய்க்குச் சட்டம் போடணுமாம்.

ரெண்டு நாள் யோசிச்சு எழுதினேன். சொந்தப் பேர்ல எழுதணும். வசனத்தைக் கல்லு மாதிரி எடுத்து வீசக் கூடாது. மாமியாரை இழுக்கக் கூடாது. இன்னும் ஒண்ணு ரெண்டு... மறந்துபோச்சு. முக்கியமானது ஒண்ணு — யாரையும் 'நீ'ன்னு எழுதக் கூடாது, 'டி' போடவே கூடாது. 'நீங்க'ன்னு ஆரம்பிச்சா பாதிக் கோபம் இறங்கிடும்னு என்னோட கண்டுபிடிப்பு.

"வார்த்தையைக் கொடுத்துட்டா ப்ளாகே பிடிச்சு நிறுத்திடும் அத்தை. எந்த வார்த்தை?"ன்னா ஷீபா. அவளுக்கு வீட்டுலயே ஆபீஸ். காதுல ஹெட்போன், எதிரே மீட்டிங்.

"நீ, டி"ன்னேன்.

தலையாட்டினா. தட்டினா. முடிஞ்சது.

அடுத்த நாள்லேர்ந்து அப்படி ஒரு அமைதி! "ஆமென்." "ஆமென்." "சூப்பர் சிஸ்டர்." நாலு ரோஜாப்பூ. மறுபடி "ஆமென்." ஜனங்க இவ்வளவு சீக்கிரம் திருந்திட்டாங்களேன்னு எனக்கு ஒரே பெருமை.

ஒரு ஆள்தான் குறை. எமிலி.

எமிலியும் நானும் ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து கூட்டு. என்னை "ஏண்டி"ன்னு கூப்பிட உலகத்துல மிச்சம் இருக்கிறவ அவ ஒருத்திதான். கட்டுரை வந்த மறுநாள் ஞாயிறு மழை, நான் போகல. அதுக்கு அடுத்த ஞாயிறு வழக்கம்போல லேட்டாப் போனேன். முழங்கால் படியேற அதுக்குன்னு ஒரு நேரம் எடுத்துக்கும். மூணாவது பெஞ்சுல எமிலி இருந்தா. பக்கத்துல அவளோட மெரூன் பேக் இல்ல. வேற யாரோ உக்காந்திருந்தாங்க.

அப்பதான் உறைச்சது. இத்தனை வருஷமா நான் லேட்டாப் போயும் மூணாவது பெஞ்சுல எப்படி உக்காந்தேன்? அந்த மெரூன் பேக் பிடிச்சு வச்ச இடம்தானே அது! எனக்காக வச்ச பேகைத்தான் நான் ஊரறியக் கிண்டல் பண்ணியிருக்கேன்.

பேருதான் ஞானம்.

பின்னால பிளாஸ்டிக் சேர்ல போய் உக்காந்தேன். ஆராதனை முடிஞ்சதும் அவ பக்கவாசல் வழியாப் போயிட்டா.

போன் பண்ண வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. நாலு தடவை நம்பரை எடுத்தேன். ரிங் போறதுக்குள்ள நானே கட் பண்ணிட்டேன். என் கட்டுரைக்குக் கீழே எமிலி எப்பவும் திட்டி ஒரு வரி போடுவா. அது வந்துட்டா சமாதானம்னு எனக்குள்ள வச்சுக்கிட்டு தினமும் பார்த்தேன். ஆமென்... ஆமென்... ரோஜாப்பூ. அவ இல்ல. போன ஞாயிறு கோயிலுக்கே வரல. சரி, என்னை விட்டுட்டான்னு முடிவு பண்ணிட்டேன். அன்னைக்கு சோறு இறங்கல.

செவ்வாய்க்கிழமை ப்ளாகை நோண்டிட்டிருந்த ஷீபா திடீர்னு சிரிச்சா.

"அத்தை, கடவுளையே வெளியில நிக்க வச்சிருக்கீங்க!"

நிறுத்தி வச்ச கமென்ட்டெல்லாம் தங்குறதுக்குத் தனியா ஒரு பெட்டி இருக்காம். அதுல நாப்பதுக்கு மேல. பாதி ஜெபம். 'கர்த்தாவே, நீர்'னு ஆரம்பிச்சவங்க மொத்தப் பேரும் அதுக்குள்ள. 'நீர்'ல 'நீ' இருக்கே! நீதி, நீடிய ஆயுசு... உள்ள. என் பேச்சைக் கேட்டு மரியாதையா 'நீங்க'ன்னு எழுதினவங்களும் உள்ள. 'படித்தேன்'ல ஒரு 'டி', 'வீட்டில்'ல ஒரு 'டி'. தப்பிச்சது ஆமெனும் ரோஜாப்பூவும்தான்.

"நீயாவது யோசிச்சிருக்கக் கூடாதா?"ன்னேன்.

"பாருங்க, 'நீ'ங்கறீங்க!"ன்னா.

அந்தப் பெட்டிக்குள்ளதான் எமிலி இருந்தா. மூணு தடவை எழுதியிருந்தா.

"ஏண்டி ஞானம், பின்னாடி போய் ஏன் உக்காந்தே? நீ எழுதினதாலதானே பேக் வைக்கல."

"பதில் போட மாட்டியா? பெரிய எழுத்தாளர் ஆயிட்டே. இருக்கட்டும்."

மூணாவது: "வியாழக்கிழமை எனக்குக் கண்ணு ஆபரேஷன். பயமா இருக்குடி. நீ கூட வர்றியா? போன்ல நீ வாய் திறக்க மாட்டே, அதான் இங்க கேக்கறேன். இதுக்காவது பதில் போடு."

அந்த வியாழன் போய் அஞ்சு நாள் ஆயிருந்தது.

எங்க காக்ஸ் டவுன்லேர்ந்து அவ வீடு எவ்வளவு தூரம்? நடக்கிற தூரம்தான். ஆனா என் முழங்காலுக்கு அன்னைக்கு ஆட்டோதான். "எல்லி அம்மா?"ன்னு கன்னடத்துல எங்கேன்னு கேட்டார் டிரைவர். "ரிச்சர்ட்ஸ் டவுன். பேக ஹோகி!"ன்னு, சீக்கிரம் போகச் சொன்னேன். எனக்கு அவ்வளவு சத்தம் வரும்னு எனக்கே தெரியாது.

எமிலி ஹால்ல கறுப்புக் கண்ணாடி போட்டு உக்காந்திருந்தா.

"யாரது?"

"நான்... ஞானம். எப்படி இருக்கீங்க?" பயத்துல 'ங்க' வந்துடுச்சு.

"என்னடி 'ங்க' போடுறே? ஆபரேஷன் கண்ணுக்குத்தான் பண்ணாங்க. நான் ஒண்ணும் பெரிய மனுஷி ஆயிடல."

"உன் கமென்ட்டெல்லாம் மாட்டிக்கிச்சு எமிலி. இன்னைக்குத்தான் பார்த்தேன்... நான் போட்ட ரூல்தான் பிடிச்சு வச்சிருக்கு."

"என்ன ரூல்?"

"நீ, டி... எழுதக் கூடாதுன்னு."

எமிலி ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க. கண்ணைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதை மறந்து கையைத் தூக்கிட்டா. நான் பிடிச்சுக்கிட்டேன்.

"அப்ப உனக்கு எப்படித்தாண்டி எழுதறது? மாண்புமிகு ஞானம்மாள் அவர்களேன்னா?"

"ஆபரேஷனுக்குக் கூட யாரு வந்தாங்க?"

"பக்கத்து வீட்டம்மா. தங்கமானவங்க. ஆனா வழியெல்லாம் நீங்க, நாங்கன்னு பேசிட்டுப் போனோம். பயமா இருக்குன்னு ஒரு 'நீங்க'கிட்ட எப்படிடி சொல்றது?"

நான் பிடிச்ச கையை விடல.

இந்த ஞாயிறு நான் ஆறே முக்காலுக்கே கோயில்ல. மூணாவது பெஞ்சுல நான் ஒரு பக்கம், ஜிப் போன என் கறுப்பு பேக் ஒரு பக்கம்.

ஒரு பொண்ணு வந்து நின்னா. "ஆன்ட்டி, பேக் வைக்கக் கூடாதுன்னு எழுதினது நீங்கதானே?"

"ஆமாம்மா, நான்தான். தெரியாம எழுதிட்டேன். இது எமிலி இடம்."

எண்ணிப் பாருங்க, முழுசா மூணு வாக்கியம்! எதிரே ஆளை வச்சுக்கிட்டு!

அந்த 'நீ, டி' ரூலை அடிச்சாச்சு. 'எதிரே நிக்கிறவங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியறதை மட்டும் எழுதுங்க'ன்னு அதுக்குப் பதிலாப் போட்டிருக்கு. (அந்தக் கணக்குப் பார்த்தா என்னால ஒரு கமென்ட்டும் எழுத முடியாது.) மாட்டிக்கிட்ட ஜெபங்களையும் ஷீபா விட்டுட்டா. லேட்டா வந்ததுக்கு ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார். நான் லேட்டாப் போறது அவருக்குப் பழக்கம்தான்.

இப்ப மொத்தம் ரூல் அஞ்சா, ஆறா? மூணாவது பெஞ்சா, நாலாவதா? யாரோட ஜெபமாவது இன்னும் உள்ள கிடக்குதா? என் மறதியை நம்ப முடியாது. யாராவது கொஞ்சம் சரிபார்த்துச் சொல்லுங்க.

எமிலி எப்படி வேணா சொல்லலாம். மத்தவங்கெல்லாம்... மரியாதையாச் சொல்லிடுங்க!