அடுப்பில் ஊற்றிய தண்ணீர்

நனைந்த சாம்பலின் நெடி மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். போடிமெட்டுக்கு அப்பால், கேரளத்து ஏலத்தோட்டத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றையறை வீடுகள் இருந்த "லயத்தில்" நாங்கள் குடியிருந்தோம். விடியலில் எந்த அடுப்பு முதலில் பற்றுகிறதோ, அங்கிருந்து கொட்டாங்கச்சியில் "கங்கு" வாங்கித்தான் மற்ற வீடுகளில் தீ மூட்டுவார்கள். அம்மாதான் எப்போதும் முந்துவாள். அடுத்த வீட்டு லீலா சேச்சி தினமும் எங்கள் கங்கில்தான் கட்டன் சாயா போடுவாள்.

அணைத் தண்ணீருக்காக இரண்டு மாநிலமும் முறைத்துக்கொண்ட அந்தக் குளிர்காலத்தில், தமிழர்களைத் துரத்த ஆட்கள் கம்போடு லயத்துக்குள் நுழைந்தார்கள். அவர்கள் முகம்கூட எனக்கு நினைவில்லை. அரிசி கொதித்துக்கொண்டிருந்தது, பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டுக் கிளம்புகிறோம் என்று அம்மா கெஞ்சினாள். குடத்தோடு வந்த லீலா, "எறங்ஙிப் போடி, பாண்டிச்சி" என்று தமிழச்சிகளை ஏசும் சொல்லால் கத்திக்கொண்டே எங்கள் அடுப்பில் தண்ணீரைக் கொட்டினாள். நாசமாய்ப் போனவள்! சாம்பல் பொங்கிச் சோற்றுக்குள் விழுந்தது.

அம்மாவின் தம்பி முருகேசன் மாமாதான் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை இறங்கினார். பசியில் நான் அழ அழ, "அழாத ஆத்தா, அவ அடுப்புல பூனை தூங்கும் பாரு" என்று வழியெல்லாம் சபித்துக்கொண்டே வந்தார். அந்தச் சாபத்தை நானும் வருஷக்கணக்காக, சாமி கும்பிடுகிற மாதிரி தினமும் சொன்னேன். மன்னிப்பாவது, மண்ணாங்கட்டியாவது!

இப்போது போடியில் எனக்குச் சொந்த வீடு. போன மாதம் மாடியை, ஏலக்காய் தரம் பிரிக்க ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கும் சுனிதா குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டேன். தெருவே முணுமுணுத்தது. மாமா நேரிலேயே வந்துவிட்டார்.

"வடக்கத்தியானுகள எதுக்குடி குடி வச்ச? தண்ணிய அடைச்சு விடு, வெரசா ஓடிருவானுக."

"அப்ப லீலா செஞ்சதும் சரிதானா மாமா?"

"அது வேற, இது வேற."

என் தொண்டையில் அந்தச் சாம்பல் நெடி ஏறியது. மாடியில் இன்னும் அடுப்புப் பற்றவில்லை, கேஸ் வரவில்லை. என்னிடமிருந்த இன்னொரு சிலிண்டரை அவர் முன்னால் உருட்டி வந்து வைத்தேன்.

"தூக்குங்க மாமா. அன்னைக்கு என்னையத் தூக்குனீகல்ல, இதையும் தூக்கி மாடியில வச்சிட்டு வாங்க."

மாமா செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனவர்தான், இன்னும் என் படி ஏறவில்லை. சிலிண்டரை நானே மாடியில் ஏற்றி வைத்தேன்.

கங்கும் இல்லை, கொட்டாங்கச்சியும் இல்லை. அந்த லயத்தையே இடித்துவிட்டார்களாம். லீலாவை நான் எங்கே போய்த் தேடுவது? கைக்கு அகப்பட்டவர் மாமாதான். மாடியிலிருந்து சுனிதா சோறு வடிக்கும் வாசம் இறங்கி வரும்போது என் வஞ்சம் கொஞ்சம் ஆறுகிறது. முழுசாக ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.