ஈரக்கரி

மகன் ஓட்டிவரும் புது பேட்டரி காருக்காகத் தெருமுனையில் காத்திருந்தேன். இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியிலிருந்த தணலைக் கொட்டித் தண்ணீர் தெளித்தார். அந்த ஈரக்கரி வாசம் என்னை எம்.ரெட்டியபட்டிக்குக் கொண்டுபோய்விட்டது.

பெட்ரோல் விலை ஏறிய வருடம், அப்பா தன் பழைய வாடகைக் காரின் பின்னால் இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தியிருந்தார். அதில் கரியைப் போட்டுக் கொளுத்தி, கைப்பிடி வைத்த ஊதுவிசிறியைச் சுற்றினால் வரும் வாயுவில் கார் ஓடும்.

அன்று அம்மாவுக்குப் பிரசவ வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார் மருத்துவச்சி. பஸ் சாயங்காலம்தான். வண்டியில் பெட்ரோல் சொட்டுகூட இல்லை; வீட்டில் கரியும் தீர்ந்திருந்தது. சித்தப்பா ஓடிப்போய், விறகை மண்மூடிச் சுட்டுக் கரியாக்கும் கரிமூட்டத்திலிருந்து ஒரு மூட்டை தூக்கிவந்தார்.

அப்பா விசிறியைச் சுற்றினார். வெள்ளைப் புகைதான் வந்தது. இன்ஜின் இருமி இருமி நின்றது.

"ஏலே, கரியில தண்ணி ஊத்தியிருக்குடா!"

"மூட்டத்தைப் பிரிச்சா ஊத்தி அணைக்கிறதுதானண்ணே எப்பவும்..." சித்தப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது.

பின் சீட்டிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "கெளம்பிருச்சா? வண்டி கெளம்பிருச்சா?"

"இந்தா, கெளம்பிருச்சு. பொறுத்துக்க" என்றார் அப்பா, கை ஓயாமல் சுற்றியபடி.

யாரோ மாட்டுவண்டி பூட்டி வந்தபோது அம்மா கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

"ஏறுங்கப்பா." மகன் கார் கதவைத் திறந்துவிட்டான். ஏறி உட்கார்ந்தேன். இன்ஜின் சத்தமே இல்லை.

"கெளம்பிருச்சா?" என்று கேட்டேன்.

"என்னப்பா, போய்க்கிட்டேதான இருக்கோம்" என்றான்.